நீள வீட்டின் கடைசி அறைக்கும் வைஃபை வரணுமா? ரௌட்டர் வாங்கும் முன் இதைப் படிங்க!

திருவையாற்றின் பழைய தெருக்களில் பல வீடுகள் அகலத்தில் குறைவு, நீளத்தில் அதிகம். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, கொல்லை என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். ஃபைபர் கேபிள் தெருப்பக்கம் நுழைவதால், ரௌட்டரையும் அங்கேயே மாட்டிவிடுகிறார்கள். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர் அமைதி தேடிப் பின் அறைக்குப் போனால், மீட்டிங்கின் நடுவே வீடியோ உறைந்து நிற்கும். ‘நாலு ஆன்டெனா வச்ச பெரிய ரௌட்டரா வாங்கிடலாம்’ என்றுதான் முதலில் தோன்றும். ஆனால், நீள வீட்டில் அது பெரும்பாலும் வீண் செலவு.

பெரிய ரௌட்டர் ஏன் கைகொடுக்காது?

திறந்தவெளியிலேயே தூரம் இரு மடங்கானால் சிக்னல் வலு நான்கில் ஒரு பங்காகிவிடும். இங்கே நடுவில் தடித்த செங்கல் சுவர்கள், இரும்பு பீரோ எல்லாம் இருக்கின்றன. வைஃபை எவ்வளவு சக்தியில் இயங்கலாம் என்பதற்குச் சட்ட வரம்பும் உண்டு. தவிர, ரௌட்டர் பேசுவது போனுக்குக் கேட்டால் மட்டும் போதாது. போன் பேசுவதும் ரௌட்டருக்குக் கேட்க வேண்டும். புது ரௌட்டர் வாங்கினாலும் போன் அதே போன்தானே!

2.4-ஆ, 5-ஆ?

2.4 ஜிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டி அதிக தூரம் போகும். ஆனால், ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் அதில் மூன்றுதான்: 1, 6, 11. பக்கத்து வீட்டு வைஃபையும் அங்கேதான் நிற்கும். 5 ஜிகாஹெர்ட்ஸில் வேகமும் இடமும் அதிகம், தூரம் குறைவு. 2018 அக்டோபரில் மத்திய அரசு இந்தப் பகுதியில் 605 மெகாஹெர்ட்ஸை உரிமமின்றிப் பயன்படுத்த அனுமதித்தது. இரண்டும் உள்ள டூயல் பேண்ட் ரௌட்டரே நல்லது.

பெட்டியில் என்ன பார்க்கணும்?

* ‘ஏசி1200’ என்றால் 1200 எம்பிபிஎஸ் ஒரே போனுக்குக் கிடைக்காது. அது இரண்டு பேண்டுகளின் கூட்டுத்தொகை: சுமார் 300 + 867.
* போர்ட்டுகள் ‘கிகாபிட்’ஆக இருக்கட்டும். 100 எம்பிபிஎஸ் போர்ட் என்றால், 300 எம்பிபிஎஸ் பிளான் போட்டும் பயனில்லை.
* வைஃபை 6, வீட்டில் பல கருவிகள் ஒரே நேரத்தில் ஓடும்போது உதவும். சுவரைத் துளைக்கும் மந்திரம் அதில் இல்லை.

நீள வீட்டுக்கு எது சரி?

மலிவான ரிப்பீட்டர் ஒரே பேண்டில் வாங்கி அதிலேயே அனுப்புவதால் வேகம் பாதியாகும். மெஷ் அதைவிட மேல். ஆனால் அதன் இரண்டாவது பெட்டியை சிக்னல் செத்த அறையில் வைக்கக் கூடாது, நடுக்கூடத்தில் வைக்கணும். எல்லாவற்றையும்விட உறுதியானது, சுவரோரமாக ஈதர்நெட் கேபிள் இழுத்துப் பின்பக்கம் ஒரு அக்சஸ் பாயின்ட் வைப்பது. இந்தக் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும். பரணில் கிடக்கும் பழைய ரௌட்டரில் ‘ஏபி மோட்’ இருந்தால், கேபிள் செலவோடு வேலை முடிந்தது.

கரன்ட் போனால்?

ரௌட்டருக்கென்றே மினி யுபிஎஸ் கிடைக்கிறது. அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியர் அளவுக்குப் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஃபைபர் பெட்டி தனியாக இருந்தால் அதற்கும் இணைப்பு தேவை.

கடைக்குப் போகும் முன்...

வைஃபை அனலைசர் செயலி ஒன்றைத் திறந்து அறை அறையாக நடந்து பாருங்கள். மைனஸ் 67 டிபிஎம் அளவில் வீடியோ கால் நன்றாக ஓடும். மைனஸ் 80-ஐ ஒட்டினால் தடுமாறும். முதலில் ரௌட்டரை வீட்டின் நடுப்பகுதிக்கு, ஆள் உயரத்துக்கு மாற்றி மறுபடி அளந்து பாருங்கள். அப்போதும் பின் அறையில் எண் தேறவில்லை என்றால் மட்டும் பர்ஸைத் திறக்கலாம்.