செம்பவாங்: 500 கோடி ரயிலும் 167ஆம் எண் பேருந்தும்

ஒரு காலத்தில் சிங்கப்பூரின் செம்பவாங் என்றாலே பிரிட்டிஷ் கடற்படைத் தளம்தான். தளத்து வேலையை நம்பித் தமிழரும் மலையாளிகளும் இங்கே குடியேறினார்கள். 1971இல் பிரிட்டிஷ் படை கிளம்பிய பிறகும் கப்பல் பட்டறையில் வேலை இருந்தது. ஆனால் லிட்டில் இந்தியாவின் தேக்காவுக்குப் போய் மளிகை வாங்கிவரப் பேருந்தை விட்டால் வழியில்லை.

ரயிலா, பேருந்தா என்று 1980இல் நாடே வாதாடியது. ஹார்வர்டிலிருந்து வந்த கென்னத் ஹேன்சன் குழு, பேருந்துகளே போதும், செலவும் குறைவு என்றது. துணைப் பிரதமர் கோ கெங் சுவீ ரயில் செலவை ஐயத்தோடு பார்த்தார். தொடர்பு அமைச்சர் ஓங் டெங் சியோங் ரயில் வேண்டும் என்று விடாமல் நின்றார். பேருந்துகளை மட்டும் நம்பினால் நகரச் சாலைகள் தாங்காது என்று அடுத்து வந்த ஆய்வு காட்டியது. 1982 மே மாதம், 500 கோடி வெள்ளித் திட்டத்துக்கு அரசாங்கம் சம்மதித்தது. 1996 பிப்ரவரி 10இல் செம்பவாங் நிலையமும் திறந்தது. அந்த முடிவு சரியானது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் ரயில் என்பதாலேயே எல்லாம் சரியாகிவிடாது. 1999இல் 28.5 கோடி வெள்ளி செலவில் ஓடத் தொடங்கிய புக்கிட் பாஞ்சாங் இலகு ரயில் பழுதுக்குப் பேர்போனது. அதற்குப் பதில் பேருந்து விடலாமா என்றுகூட யோசித்தார்கள். கடைசியில், புதுப்பிக்க 2018இல் 34.4 கோடி வெள்ளிக்கு ஒப்பந்தம் போட்டார்கள். கட்டும் செலவோடு கணக்கை முடித்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

இன்று செம்பவாங்கில் வாதம் தலைகீழாகிவிட்டது. தாம்சன் - ஈஸ்ட் கோஸ்ட் ரயில் வந்ததும், அப்பர் தாம்சன் சாலை வழியே புக்கிட் மேரா வரை போகும் 167இல் கூட்டம் குறைந்தது. அதை நிறுத்தப்போவதாக நிலப் போக்குவரத்து ஆணையம் 2023 நவம்பரில் அறிவித்தது. குடியிருப்பாளர்கள் எதிர்த்ததும் அதே மாதம் முடிவை மாற்றி, அரை மணிக்கு ஒன்றாக ஓட்ட ஒப்புக்கொண்டது.

ஆளில்லாத பேருந்துக்கு வரிப்பணமா என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் மூட்டுவலிக்காரப் பாட்டி ஏறி இறங்கி ரயில் மாறும் பாடு எந்தச் செலவுக் கணக்கில் வருகிறது? அரை மணி காத்திருக்க முடியாதவர்கள் ரயிலுக்குப் போய்விடுவார்கள்; அதையே காட்டி நாளை மறுபடி நிறுத்தப் பார்க்கலாம். 700 கோடி வெள்ளிக்கு மேல் செலவாகும் வடக்கு-தெற்குப் பெருவழியில் பேருந்துகளுக்குத் தனித்தடம் வருகிறது. நகரத்துக்குப் போகும் நேரடிப் பேருந்து ஒன்றை அதில் செம்பவாங்கிலிருந்து ஓட்டுவதாக இப்போதே உறுதி தர வேண்டும்.