முட்டியைத் தாங்கும் தொடை

எக்ஸ்ரேயைப் பார்த்து "முட்டி தேஞ்சிருக்கு" என்று டாக்டர் சொன்னதும் பலர் முதலில் நிறுத்துவது நடையைத்தான். மாடிப்படி, கோயில், கடைத்தெரு என்று ஒவ்வொன்றாக நின்றுபோகும். முட்டிக்கு இதைவிடக் கெடுதல் இல்லை.

எலும்பு முனையை மூடியிருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் திரவம்தான் அதற்கு ஊட்டம். காலில் பாரம் ஏறி இறங்கும்போதுதான் அந்தத் திரவம் உள்ளே போய்வரும். நடக்காமலே இருந்தால் தொடையின் முன்தசையும் மெலியும். அது தாங்கிவந்த அதிர்வெல்லாம் மூட்டின் மேல் விழும். தேய்ந்ததை உடற்பயிற்சி வளர்த்துத் தராது. வலியைக் குறைக்கும், தடுமாறாமல் நடக்கவைக்கும்.

படுத்தபடி, முட்டிக்கடியில் சுருட்டிய துண்டை வைத்து அழுத்தி 5 விநாடி நிறுத்துங்கள். பிறகு ஒரு காலை மடக்கிக்கொண்டு, மற்றதை நீட்டியவாறே ஒரு சாண் உயர்த்தி இறக்குங்கள். அடுத்து, சுவரோரம் போட்ட நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருங்கள், முதலில் கையூன்றிக்கொள்ளலாம். ஒவ்வொன்றும் 10 முறை. லேசான வலிக்குப் பயப்பட வேண்டாம். மறுநாளும் வலி கூடுதலாகவே இருந்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள். பலன் தெரிய 2, 3 மாதமாகும். நாளெல்லாம் வீட்டுவேலை செய்கிறேனே என்பார்கள் நம் பெண்கள்; அடுப்படியில் மணிக்கணக்காக நிற்பது தொடைக்கு வலு சேர்க்காது. உடல் எடை 1 கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முட்டியின் சுமை ஏறத்தாழ 4 கிலோ குறையும்.

மருந்துக்கடையில் நாமே வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் வலி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். முட்டி சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள்.

அறுவை சிகிச்சையால் மட்டுமே தேறக்கூடியவர்கள் உண்டு. ஆனால் பயிற்சியே கொடுத்துப் பார்க்காமல் தேதி குறித்தால், பிசியோதெரபி செய்து பார்க்கலாமா என்று தயங்காமல் கேளுங்கள். இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்பது உங்கள் உரிமை. கேட்ட 72 மணி நேரத்துக்குள் சிகிச்சை ஆவணங்களைத் தர வேண்டும் என்கின்றன 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகள். செயற்கை மூட்டுக்கு 2017 ஆகஸ்டில் மத்திய அரசு உச்சவிலை வைத்தது. பில்லில் மூட்டின் விலையைத் தனியாகக் காட்டச் சொல்லுங்கள்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், நடமாட முடியாதவர்களுக்கு வீடு தேடி வந்தே இயன்முறை சிகிச்சை தருகிறார்கள். கட்டணம் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். அம்மாவுக்கோ அப்பாவுக்கோ முடியவில்லை என்றால் நீங்கள் போய்ச் சொல்லுங்கள்.