பத்துச் சத நாணயத்துக் கப்பலும் எமது கடற்கரையும்



கனடிய நாட்டின் பத்துச் சத நாணயம் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். பாய் விரித்துச் செல்லும் கப்பலொன்று அதிலே பொறிக்கப்பட்டிருக்கும். 1937ஆம் ஆண்டு முதல் அந்நாணயத்தில் இடம்பெற்றுவரும் அக்கப்பலின் பெயர் 'புளூநோஸ்'. நோவா ஸ்கோஷியா மாகாணத்து லூனன்பேர்க் என்னும் சிறு துறைமுகப் பட்டினத்தில், 1921ஆம் ஆண்டில், உள்ளூர்த் தச்சர்களால் கட்டப்பட்டது. அது போர்க்கப்பல் அன்று; அரசர் ஏறிய கப்பலும் அன்று. கொட் மீன் பிடிக்கவும், ஓய்ந்த வேளையில் பந்தயம் ஓடவும் கட்டப்பட்ட மீனவர் கப்பல். ஒரு நாடு தன் நாணயத்தில் மீனவரின் கலத்தைப் பொறித்து வைத்திருக்கின்றது என்பதை நாம் சற்று நின்று எண்ணிப் பார்த்தல் தகும்.

இவ்வாண்டு எமது வகுப்பில் 'எனது ஊர்' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதுவித்தோம். மாணவர் ஒருவர் தம் தந்தையாரின் ஊர் வல்வெட்டித்துறை என்றும், அது கடற்கரை ஊர் என்றும், அதிற் பெருமையடைவதாகவும் எழுதியிருந்தார். இன்னொரு மாணவரோ தம் ஊர்ப் பெயரையே எழுதாது, 'யாழ்ப்பாணம்' என்று பொதுப்பட எழுதி முடித்திருந்தார். காரணம் வினவியபோது, "கரையோர ஊர் என்று சொல்ல வேண்டாம் என்று வீட்டில் சொன்னார்கள், சேர்" என்றார். இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அம்மறுமொழியே. எமது சமூகத்திலே கடலை நம்பி வாழ்ந்தோரைத் தாழ்வாக எண்ணிய வழக்கம் இருந்தது. ஊர்ப் பள்ளிகளிற் கரையோரப் பிள்ளைகள் பின்வாங்கில் இருத்தப்பட்டமையை நாம் கண்ணாற் கண்டதுண்டு. அவ்வழக்கம் விமானமேறி அஜின்கோர்ட் வரைக்கும் வரவேண்டியதில்லை.

இனி அந்த முதல் மாணவரின் ஊரைப் பற்றிச் சிறிது விரித்துரைப்போம்.

வல்வெட்டித்துறை, யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில், வடமராட்சியில் அமைந்துள்ளது. மீன்பிடித்தலோடு பாய்க்கப்பல் கட்டுதலும் கடல் வாணிகமும் அவ்வூரின் தொழில்களாக விளங்கின. அவ்வூர்க் கப்பல்கள் நாகபட்டினம், கொச்சி, இரங்கூன் முதலிய துறைகளுக்குச் சென்றுவந்தன. பர்மாவிலிருந்து அரிசியும் தேக்கும், தமிழகத்திலிருந்து ஓடும் பிற பண்டங்களும் வந்தன. இங்கிருந்து பனைமரமும் புகையிலையும் சென்றன.

இயந்திரமின்றி இத்துணைத் தூரம் சென்றது எவ்வாறு? காற்றின் தயவாலே. தென்மேற்கிலிருந்து சோளகம் வீசும் மாதங்களிற் பாய் விரித்தால் வங்கக் கடலைக் கடந்து பர்மாக் கரையை அடையலாம். வடகிழக்கிலிருந்து வாடை எழும்போது அதே கப்பலை ஊர்நோக்கித் திருப்பலாம். மேற்கிலிருந்து வருவது கச்சான். கிழக்கிலிருந்து வருவது கொண்டல். வானிலை அறிக்கையில் நீங்கள் எண்களாகக் காண்பதற்கு எமது மூதாதையர் பெயர் வைத்திருந்தனர். கப்பலைச் செலுத்தும் தலைவர் தண்டையல் எனப்பட்டார். மரவேலை செய்வோர் ஓடாவிகள். பலகைகளின் இடைவெளியிற் பஞ்சினைத் திணித்து, எண்ணெயிற் காய்ச்சிய குங்கிலியம் பூசி, நீர் புகாமல் அடைப்பதற்குக் கலப்பற்று என்று பெயர். மேலைநாட்டவர் வரைபடம் தீட்டி அளவெடுத்துச் செய்ததை, எம்மவர் தந்தையிடமிருந்து மகன் பெற்ற கைக்கணக்காலும் கண்மட்டத்தாலும் செய்தனர்.

அத்தகைய கப்பல்களுள் ஒன்றே 'அன்னபூரணி'. 1930ஆம் ஆண்டளவில் வல்வெட்டித்துறைக் கரையிலே வேம்பு முதலிய மரங்களாற் கட்டப்பட்டது. ஏறத்தாழ 90 அடி நீளமுடையது. வில்லியம் அல்பேட் றொபின்சன் என்னும் அமெரிக்கர், 32 அடி நீளமே கொண்ட சிறு பாய்க்கலத்தில் 1928 முதல் 1931 வரை உலகைச் சுற்றிவந்தவர். கலங்களைக் கண்டால் தரமறியக்கூடியவர். அவர் எமது கப்பலைக் கண்டு விரும்பி விலைக்கு வாங்கினார். தம் மனைவியாரின் பெயரால் 'புளோரன்ஸ் சி. றொபின்சன்' எனப் புதுப்பெயரும் சூட்டினார். பெயர் மாறியதே ஒழிய, கப்பலைச் செலுத்திய கைகள் மாறவில்லை. கனகரத்தினம் தம்பிப்பிள்ளை என்னும் தண்டையலின் தலைமையில் வல்வெட்டித்துறைக் கடலோடிகள் அதனைக் கொண்டு சென்றனர். அரபிக்கடல், செங்கடல், சுயெஸ் கால்வாய், மத்தியதரைக் கடல், அத்திலாந்திக் சமுத்திரம், பேர்முடாத் தீவு ஆகியவற்றைக் கடந்து, 1938ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்துக் குளோஸ்ரர் துறைமுகத்தை அக்கப்பல் சென்றடைந்தது.

குளோஸ்ரரும் மீனவர் பட்டினமே. அதே ஆண்டு ஒக்ரோபரில், குளோஸ்ரர் மீனவரின் 'கேட்றூட் எல். தீபோ' என்னும் கப்பலுக்கும் எமது நாணயத்துப் புளூநோசுக்கும் இறுதிப் பந்தயத் தொடர் அக்கடலிலேயே நடைபெற்றது. ஐந்து ஓட்டங்களில் மூன்றை வென்று புளூநோஸ் வாகை சூடியது. வடமராட்சி வேம்பும் நோவா ஸ்கோஷியா மரமும் இரண்டே மாத இடைவெளியில் ஒரே கடற்பரப்பில் மிதந்தன என்பதை எந்தப் பாடநூலிலும் நாம் கண்டதில்லை. (அன்னபூரணியைப் பற்றி மிகைப்படுத்திச் சொல்லும் கதைகளும் எம்மவரிடையே உலவுகின்றன. அவற்றை நாம் ஈண்டு எழுதவில்லை. நிகழ்ந்தது போதாதா?)

அந்தப் பட்டினத்துக் கப்பல் நாணயத்தில் ஏறியது. எமது கப்பற்கட்டும் கலை என்னவாயிற்று? நீராவிக் கப்பலும் பாரவூர்தியும் வாணிகத்தைக் கவர்ந்தன. 1948இன் பின்னர் இரு கரைகளுக்கும் இடையே குடிவரவு, சுங்கக் கட்டுப்பாடுகள் இறுகின. 1980களில் போர் மூண்டதும், எமது மக்கள் தம் கடலில் இறங்குவதற்கே தடை வந்தது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை அக்கரையோரத்தையும் தாக்கியது. போர் 2009இல் முடிந்தது; ஆயினும் முதிய ஓடாவிகளின் கைக்கணக்கைக் கற்றுக்கொள்ள மகன்மார் பலர் ஊரில் இல்லை. அவர்களுட் சிலர் இங்கே ஸ்காபரோவில் இருக்கின்றனர்.

கப்பலின் துணையின்றியே கடலை வென்றோரும் அக்கரையில் உண்டு. தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி 1954ஆம் ஆண்டு பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். அப்போது சிறுவராயிருந்த வல்வெட்டித்துறைக் குமார் ஆனந்தன், பின்னாளிற் சட்டத்தரணியாகி, 1971ஆம் ஆண்டில் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்திச் சென்று, அங்கிருந்து நீந்தியே திரும்பினார். 51 மணித்தியாலம் எடுத்தது. 'ஆழிக்குமரன்' என்னும் பட்டம் அவருக்கு நிலைத்தது. 1984ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம், ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்க முயன்றபோது, நாற்பத்தொரு வயதில், அவர் உயிர் நீத்தார்.

அந்த 1984ஐக் கவனியுங்கள். 1983 ஜூலையில் தென்னிலங்கையிற் தமிழர் வீடுகள் எரிக்கப்பட்டு ஓராண்டே கழிந்திருந்தது. அந்நாட்டின் பெயரை உலகச் சாதனை ஏடுகளிற் பலமுறை பதித்தவர் அவர். நாட்டின்மீது பெருமை கொண்ட ஒருவரை அந்நாடு என்ன செய்தது என்னும் கேள்வி இங்கே எழுகின்றது. "எந்த நாட்டைப் பற்றிப் பெருமைப்படுவது, சேர்?" என்று மாணவர் கேட்கும்போது, ஆசிரியர் அறையில் நாம் ஒரே விடையைச் சொல்வதில்லை. பெற்றோரும் அவ்வாறே. ஊரைப் பற்றிப் பெருமைப்படுவதில் அந்தத் தடுமாற்றம் இல்லை. மரத்தைச் செதுக்கிய கையும் பாயை இழுத்த கையும் யாருடையவை என்பது ஐயமின்றித் தெரியும்.

கனடாவைப் பற்றிய பெருமையை நாம் ஒரு கடற்கரையிலிருந்தே தொடங்குவோம். 1986ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம், நியூபவுண்ட்லாந்துக்கு அப்பால், மூடுபனியிலே, இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 150க்கும் மேற்பட்ட தமிழர் மிதந்துகொண்டிருந்தனர். அவர்களை முதலிற் கண்டவர் கஸ் டால்ரன் என்னும் மீன்பிடிப் படகுத் தலைவர். அவர் கடவுச்சீட்டைக் கேட்கவில்லை. தம் படகில் ஏற்றக்கூடிய அளவு மக்களை ஏற்றிக்கொண்டார். ஏனைய மீனவரும் உதவிக்கு வந்தனர். கடலில் தத்தளிப்பவரைக் கைவிடலாகாது என்பது நியூபவுண்ட்லாந்து மீனவருக்கும் வடமராட்சி மீனவருக்கும் ஒரே சட்டம். அதனை எழுதி வைத்தவர் எவருமில்லை.

முதல் மாணவரின் கட்டுரையை இம்மலரிற் சேர்த்துள்ளோம். இரண்டாம் மாணவர் தம் கட்டுரையைத் திருப்பி வாங்கிச் சென்று, மறுவாரம் ஊர்ப் பெயருடன் கொண்டுவந்தார். மூன்று வரிகள் கூடியிருந்தன; அவருடைய பாட்டனார் கரைவலை இழுத்தவராம்.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். தோணி, வத்தை, வள்ளம், வலை, காற்று, நீரோட்டம் என்பவை பற்றிய சொற்களை அறிந்த முதியோர் எவரேனும் உங்கள் இல்லங்களில் இருப்பின், ஒரு சனிக்கிழமை எமது வகுப்புக்கு அழைத்து வாருங்கள். மாணவர் கொப்பிகளுடன் காத்திருப்பர். மாடிப்படி ஏற இயலாதோர்க்குக் கீழ்த்தள அறையை ஒழுங்கு செய்வோம்.