உடைத்த சுவர் எங்கே போகிறது?

தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே நம் வீடுகளில் சுத்தியல் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். சமையலறையை நீட்டுவார்கள், குளியலறைக்குப் புது ஓடு பதிப்பார்கள், முன் வாசல் கூரையை மாற்றுவார்கள். தொலைக்காட்சிக் கருத்தரங்கில் இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டபோது, "கட்டுவதைப் பற்றிப் பேசுங்கள் ஐயா, உடைத்த கல்லைப் பற்றி என்ன பேச்சு?" என்று ஒருவர் கேட்டார். கிள்ளானிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா எழுந்து சொன்னதே அவருக்குப் பதிலாகிவிட்டது.

அந்த அம்மாவின் தொடர் வீட்டில் சமையலறைச் சுவரை இடித்தார்கள். குப்பையை அள்ளும் செலவும் சேர்த்துத்தான் குத்தகையாளர் விலை சொன்னாராம். ஒரு மாலை லாரி வந்தது, இடிபாடுகள் போயின, பணமும் கைமாறியது. மூன்று வாரம் கழித்து அதிகாரி ஒருவர் வாசலில் வந்து நின்றார். ஆற்றோரக் காலி நிலத்தில் கொட்டிக் கிடந்த கல் குவியலுக்குள் அம்மாவின் பெயர் போட்ட மின்கட்டண பில் ஒன்று இருந்தது. குத்தகையாளரின் கைபேசியோ அணைந்து கிடந்தது. "காசு கொடுத்துவிட்டேனே ஐயா, இன்னும் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டார். அந்தக் குவியலை அகற்ற இரண்டாவது முறையும் அவரே லாரிக்குப் பணம் கட்டினார்.

வீட்டுக்கு வரும் குப்பை லாரி இதை எடுக்காதா என்று பலர் கேட்கிறார்கள். எடுக்காது. அது மென்மையான வீட்டுக் குப்பையை அமுக்கி ஏற்றும் லாரி. பத்தடிக்குப் பத்தடி அரைக்கல் சுவர் ஒன்றை இடித்தால், இரு பக்கப் பூச்சோடு சேர்த்து எடை இரண்டு டன்னைத் தாண்டும். ஒரு டன் லாரி இரண்டு மூன்று முறை போய் வர வேண்டும். உடைந்த பிறகு கல்லுக்கு இடையில் காற்று புகுந்துகொள்வதால், சுவராக நின்றபோது பிடித்த இடத்தைவிடக் குவியலாக அதிக இடம் பிடிக்கும். வேலை நடுவில் 'தொட்டி போதவில்லை, இன்னும் கொடுங்கள்' என்று குத்தகையாளர் கேட்பது இதனால்தான். எல்லாக் குத்தகையாளரும் ஏமாற்றுக்காரர் அல்லர். ஆனால் மிகக் குறைந்த விலை சொல்பவர் எந்தச் செலவை விட்டுவிட்டார் என்று பார்த்தால், பல நேரம் அது கொட்டும் செலவாகத்தான் இருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது? இங்கே ஒரு குழப்பம் உண்டு. 2007ஆம் ஆண்டின் திடக்கழிவு, பொதுத் துப்புரவு நிர்வாகச் சட்டம், அதாவது 672ஆவது சட்டம், 2011 செப்டம்பர் 1 முதல் கோலாலம்பூரில் நடப்பில் உள்ளது. பழுதுபார்ப்பு, மாற்றியமைப்பு வேலைகளில் வரும் கழிவும் அதில் கட்டுமானக் கழிவுதான். அனுமதியில்லாத இடத்தில் கொட்டியது நிரூபிக்கப்பட்டால் 10,000 வெள்ளி முதல் 100,000 வெள்ளி வரை அபராதம், அல்லது ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே. பிரிக்பீல்ட்ஸ் இதற்குள் வருகிறது. சிலாங்கூர் மாநிலம் இச்சட்டத்தை ஏற்கவில்லை. ஆகவே கிள்ளான்வாசிகள் தங்கள் மாநகர் மன்றத்தின் விதிகளையும் 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தையும் பார்க்க வேண்டும். சட்டத்தின் பெயர்தான் வேறு, ஆற்றோரத்தில் கொட்டுவது இரண்டு இடத்திலும் குற்றமே. சீரமைப்புக்கு முன் பெர்மிட் தேவையா, இடிபாட்டை எங்கே கொண்டு போகலாம் என்பதை உங்கள் ஊராட்சி மன்றத்திடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அடுக்குமாடி என்றால் கட்டட நிர்வாகத்திடமும் கேட்க வேண்டும். முன்பணம், லிப்ட் பயன்படுத்தும் நேரம் எல்லாம் அவர்கள் கையில்.

இனிப் பிரிக்கும் வேலை. சுத்தியல் விழுவதற்கு முன்பே தொடங்க வேண்டியது இது. கதவு, சன்னல், குழாய், மின்கம்பி, மரச்சட்டம் ஆகியவற்றை முழுதாகக் கழற்றி எடுத்த பிறகுதான் சுவரைத் தொட வேண்டும். கம்பியும் அலுமினியமும் பழைய இரும்புக் கடைக்குப் போகும். செங்கால் மரச் சட்டங்களுக்கு இன்றும் வாங்க ஆள் உண்டு. கரையான் அரித்த மரத்தை மட்டும் வேலியோரம் சாத்தி வைக்காதீர்கள், அடுத்த வேளை உங்கள் வீட்டுக் கூரைதான். கல், ஓடு, கான்கிரீட் ஆகியவை சுத்தமாகத் தனியே இருந்தால் நொறுக்கித் தரை நிரப்பவும் பாதைக்கு அடித்தளமாகவும் பயன்படுத்தலாம். அதில் நெகிழிப் பையும் பெயிண்ட் டின்னும் கலந்துவிட்டால் மொத்தமும் குப்பை. கூரையடிச் சிப்சப் பலகையையும் தனியே வையுங்கள். ஈரக் குப்பையோடு புதைந்தால் அதிலிருந்து அழுகிய முட்டை நாற்றமடிக்கும் நச்சு வாயு கிளம்பும்.

பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயரே செங்கல்லால் வந்ததுதான். 1881இல் கோலாலம்பூர் தீயிலும் வெள்ளத்திலும் அழிந்தபின், ஊரைச் செங்கல்லால் திரும்பக் கட்ட இங்கே சூளைகள் எரிந்தன. அந்தக் காலத்துச் சுவர்களுக்குச் சுண்ணாம்புக் கலவை பூசியிருப்பார்கள். அது இளகியது, தட்டினால் உதிரும், கல் முழுதாகக் கைக்கு வரும். பழைய கடைவீட்டை வைத்திருப்பவர்கள் அதை லாரியில் ஏற்றும் முன் ஒருமுறை யோசிக்கலாம். சிமெண்டுக் கலவையில் கட்டிய சுவரில் இந்த வசதி இல்லை, கலவையோடு கல்லும் உடைந்துவிடும்.

மிகவும் கவனிக்க வேண்டியது பழைய சாம்பல் நிற நெளிக் கூரைத் தகடு. பல பழைய வீடுகளின் கார் நிறுத்தும் கொட்டகையிலும் பின்கட்டிலும் இருப்பது அஸ்பெஸ்டாஸ் கலந்தது. உடைத்தாலும் இயந்திரத்தால் அறுத்தாலும் கண்ணுக்குத் தெரியாத நார்கள் பறந்து நுரையீரலில் தங்கும். அதனால் வரும் நோய் பல பத்தாண்டுகள் கழித்துத்தான் தெரியும். ஆகவே பையன்களை மேலே ஏற்றி அடித்துத் தள்ளச் சொல்லாதீர்கள். பயிற்சி பெற்றவர்கள் தண்ணீர் தெளித்து, முழுத் தகடாக இறக்கி, தடித்த நெகிழித் தாளில் சுற்றித் தனியே கொண்டு போக வேண்டும். துடைப்பத்தால் பெருக்கவும் கூடாது.

சாலையோரத்தில் சிமெண்டு குழைத்துவிட்டு மிச்சத்தைக் கால்வாயில் கழுவிவிடும் வழக்கமும் நம்மிடம் இருக்கிறது. அது அடியில் கல்லாக இறுகி, கால்வாயின் ஆழத்தைத் தின்றுவிடும். கிள்ளானில் ஒரு மணி நேர மழைக்கே தண்ணீர் ஏறும் தாமான்களில் இருப்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. வெளியே கிடக்கும் பழைய கழிப்பறைப் பீங்கானிலும் வாளியிலும் மழைநீர் தேங்கினால் ஏடிஸ் கொசு வந்துவிடும். அவற்றைக் கவிழ்த்தாவது வையுங்கள்.

குத்தகையாளரிடம் எழுதி வாங்க வேண்டியவை: இடிபாட்டை யார் எடுப்பார், எத்தனை லாரி அல்லது ரோரோ தொட்டி, எந்த இடத்தில் கொட்டுவார். லாரி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கொட்டிய இடத்தின் ரசீதைக் காட்டிய பிறகே கடைசித் தவணையைக் கொடுங்கள். குவியலில் உங்கள் முகவரிச் சீட்டோ பில்லோ போகாமலும் பாருங்கள்.

கடைசியாக ஒருவர், "குளியலறை ஓடு இரண்டு சாக்குதான் ஐயா, அதற்கு ஏது லாரி?" என்று கேட்டார். குப்பைத் தொட்டிக்குள் ஒளித்துப் போடாதீர்கள், தொட்டியும் உடையும், தூக்குகிறவர் இடுப்பும் போகும். தோட்டத்தில் இடமிருந்தால் நொறுக்கிப் பாதைக்கு அடியில் போடலாம். இல்லையென்றால் அதே தெருவில் வேலை நடக்கும் வீட்டுக்காரரிடம் கேட்டு, செலவில் ஒரு பங்கு கொடுத்து, அவர் தொட்டியில் சேர்த்துவிடலாம்.