விடைபெறுவோர்க்கு வழங்கும் பணிச் சான்று

வெளிமாநிலத்தில் வேலையை விட்டுப் பெயரும் நம்மவர், அடுத்த ஊரில் தம் உழைப்பை மெய்ப்பிக்க ஒரு தாளையே நம்பியுள்ளனர். அதுவே பணிச் சான்று.

பணிச் சான்று வேறு, நற்சான்று வேறு. பின்னது மேலாளரின் மதிப்பீடு. முன்னது பணிபுரிந்த உண்மையை மட்டும் உறுதி செய்வது. 1946-ஆம் ஆண்டின் நிலையாணைச் சட்டத்தை ஒட்டி மத்திய அரசு வகுத்த மாதிரி விதிகள், நிரந்தரத் தொழிலாளர் நீக்கப்பட்டாலும் ஓய்வு பெற்றாலும் இச்சான்றுக்கு உரியவர் என்றே கூறின. சான்று சலுகையன்று என்னும் கருத்து அன்றே வேரூன்றியது.

எழுதுமுறை எளிது. நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட தாளில், ஊழியரின் முழுப்பெயர், வகித்த பதவி, சேர்ந்த நாள், விலகிய நாள் ஆகியவற்றைக் குறித்து, பொறுப்புடைய அலுவலர் நாளிட்டுக் கையொப்பமிட்டு, தம் பதவிப் பெயரையும் எழுதுதல் வேண்டும். புகழுக்கும் பூசலுக்கும் இங்கு இடமில்லை.

நாம் இரண்டினைக் கவனித்தல் நலம். தந்தையின் பெயரைச் சுட்டும் நம் தலைப்பெழுத்தைப் பிற மாநில அலுவலகங்கள் குடும்பப் பெயராக விரித்துவிடுவதுண்டு. பெயர் பள்ளிச் சான்றில் உள்ளவாறே அமைந்துள்ளதா என நோக்குவோம். விலகிய நாள், வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் பதிந்த நாளோடு ஒத்திருத்தலும் வேண்டும். பிழையிருப்பின், ஊரை விட்டுப் புறப்படுமுன்னரே திருத்திப் பெறுவோமாக.