பெட்டியின் காந்தாரமும் தம்புராவின் காந்தாரமும்

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்துப் பள்ளியொன்றில் பாட்டு வகுப்பு நடத்தும்போது நாங்கள் ஒரு தவறு செய்தோம். ஆர்மோனியத்தில் அந்தர காந்தாரக் கட்டையை அழுத்தி, நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தியிடம், "சுருதி இறங்குகிறது, ஏற்றிப் பாடம்மா" என்றோம். கோயில் பஜனையில் தம்புராவோடு பாடிப் பழகியவள் அவள். அவள் பாடியதே சரி.

சட்ஜம் விநாடிக்கு 240 அதிர்வு என்று கொள்வோம். தம்புராவில் தானே எழும் சுயம்பு காந்தாரம், அதே ஸ்தாயிக்குக் கொண்டுவந்தால், 300. தூய பஞ்சமம் 360. ஆனால் பஞ்சமத்தின்மேல் பஞ்சமமாக நான்கு முறை ஏறி, இரண்டு ஸ்தாயி இறங்கிப் பாருங்கள். காந்தாரம் 303¾இல் நிற்கும். ஒரு சுரத்துக்கு ஒரே கட்டை உள்ள கருவியில் இரண்டையும் காப்பாற்ற வழியில்லை.

இன்றைய பியானோவும் ஆர்மோனியமும் ஸ்தாயியை 12 சம பங்காக்குகின்றன. காந்தாரம் 302.4 ஆகிறது. சட்ஜத்தோடு சேர்த்து அழுத்தினால் விநாடிக்கு ஒன்பது, பத்து விம்மல் எழும். அதைத்தான் சுருதியென்று பிள்ளைக்குக் காட்டினோம்!

16ஆம் நூற்றாண்டு ஐரோப்பியர் காந்தாரத்தைத் தூயதாக வைத்து, நான்கு பஞ்சமங்களையும் சம விகிதத்தில் சற்றே குறுக்கினர். பழைய இசைக்காகப் பியானோவை இன்றும் அவ்வாறு கூட்டுவோர் உண்டு. அந்தச் 'சற்றே'யை அளப்பது விம்மலால்தான். முதலில் சட்ஜத்தையும் காந்தாரத்தையும் சேர்த்து ஒலித்து, விம்மல் முற்றும் அடங்கும்வரை முறுக்காணியைத் திருப்ப வேண்டும். பிறகு பஞ்சமத்தைத் தூய நிலையிலிருந்து கீழே இறக்கி, கடிகாரத்தைப் பார்த்து, 5 விநாடிக்கு 11 விம்மல் வரும் இடத்தில் நிறுத்த வேண்டும். சமமுறையில் 4தான் வரும். மேலே போகப் போக எண்ணிக்கை அதிர்வின் விகிதப்படி கூடும். கடைசிப் பஞ்சமம், முதலில் நிறுத்திய காந்தாரத்திலேயே வந்து முடியும். அங்கே விம்மல் கணக்கு ஒத்துவராவிட்டால் வழியில் எங்கோ பிழை. திரும்பத் தொடங்க வேண்டியதுதான். "காதுக்கு இதமாயிருக்கிறது" என்று நடுவில் நிறுத்துவோர்க்கு இந்த வேலை சரிப்படாது.

தமிழ்நாட்டிலும் இவ்வழக்கு உண்டு. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட 'கருணாமிர்த சாகரம்' நூலில் 22 சுருதிக் கணக்கை மறுத்து, 24 சம சுருதிகளே நம் முறை என வாதித்தார். அகில இந்திய வானொலியோ 1940இல் ஆர்மோனியத்தையே விலக்கியது. 1971இல்தான் ஓரளவு தளர்த்தியது.

நாங்கள் பெட்டியை விலக்கவில்லை. சட்ஜத்தையும் பஞ்சமத்தையும் மட்டும் அழுத்திப் பிடிக்கிறோம். காந்தாரத்தை அந்த மாணவி பாடிக் காட்டுகிறாள்; மற்றப் பிள்ளைகள் அவளைக் கேட்டுப் பாடுகிறார்கள்.