சாயத்தைப் பிடிக்கும் பழத்தோல் கரி

மங்குஸ்தானுக்குப் பெயர்பெற்ற பர்லியாரில், பழத்தின் எடையில் பாதிக்கு மேல் தோலாகவே குப்பைக்குப் போகிறது. இத்தகைய கழிவுகளை 'ஆக்டிவேட்டட் கார்பன்' என்னும் கிளர்வுற்ற கரியாக்கிச் சாயநீரைத் தெளியவைக்கலாம். கோவை பாரதியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தென்னைநார்க் கழிவுக் கரி காங்கோ சிவப்புச் சாயத்தை நீக்குவதை 2002-ல் வெளியிட்டனர்.

அடுப்புக்கரி இதற்குப் போதாது. காற்றுப் படாமல் கரியாக்கி, 800 டிகிரி செல்சியஸுக்கு மேல் நீராவி செலுத்தினால் நுண்துளைகள் பெருகும். நல்ல கரியில் ஒரு கிராமின் உட்பரப்பே 500 சதுர மீட்டரைத் தாண்டும்! சாயம் அங்கே ஒட்டிக்கொள்ளும்.

உப்பு ஒட்டாது. திருப்பூருக்குக் கீழே நொய்யல் பாசன நிலங்களைக் கெடுத்தது நிறத்தைவிட உப்புதான். எனவே தெளிந்த நீரென்று நம்பி வயலுக்குப் பாய்ச்சக் கூடாது. உப்பின் அளவைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். சாயம் ஏறிய கரியை எருக்குழியிலும் கொட்டக் கூடாது.